ஏழுக்கு நாலு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் நீலகிரிக் கூடலூரில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களோடு இலங்கையைப் பற்றி அடிக்கடி வாக்குவாதம் வரும். இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க 2024 டிசம்பரில் டெல்லிக்கு வந்து கைகுலுக்கினார். அடுத்த மாதமே பெய்ஜிங்கில் போய் நின்றார். கடனில் மூழ்கிய ஒரு சின்ன நாடு இப்படி இரண்டு படகில் கால் வைக்கலாமா? பக்கத்தில் இருக்கும் இந்தியாவை நம்பிச் சாய்வதுதானே புத்திசாலித்தனம்? ஹம்பாந்தோட்டையில் பட்டது போதாதா? கச்சத்தீவையும் இந்த நேரத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரே வாரம் உட்கார்ந்து பேசி எவ்வளவு பெரிய சிக்கலை முடித்தார்கள்! இரண்டு நாட்டுக்கும் லாபம். சாஸ்திரி காட்டிய அந்தப் பெருந்தன்மை இன்றைக்கு ஏன் இல்லை?

க.

அன்புள்ள க.,

கடிதம் வந்த நேரம் அப்படி. கொஞ்ச நாளாக 1964 அக்டோபர் 30 தேதியிட்ட அந்தக் கடிதங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த இந்தியத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று பிரித்தது அது. ஒப்பந்தம் என்கிறோமே தவிர, அது சாஸ்திரி, சிறிமாவோ என்று இரண்டு பிரதமர்கள் மாற்றிக்கொண்ட கடிதம். உங்கள் கடைசி இரண்டு வரி இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்கவே மாட்டேன். மற்றதையெல்லாம் முதலில் முடித்துவிடுகிறேன்.

கடனைக் கட்ட வக்கில்லாமல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவிடம் பறிகொடுத்தார்கள் என்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் வரலாறு. 2017-ல் 99 வருடக் குத்தகைக்கு வந்த 112 கோடி டாலர் அன்னியச் செலாவணிக் கையிருப்பில் போய்ச் சேர்ந்தது. துறைமுகம் கட்ட வாங்கிய சீனக் கடன் அப்படியே நின்றது. 2022 ஏப்ரலில் இனி கடனைக் கட்ட முடியாது என்று கொழும்பு கைவிரித்தபோது, வெளிக்கடனில் மிகப் பெரிய துண்டு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன்பத்திரங்கள். அதில் சீனாவை மட்டும் திட்டிப் பயனில்லை. குத்தகை நல்லதா கெட்டதா என்று தனியாகச் சண்டை போடலாம், ஆனால் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கச்சத்தீவைப் பற்றித் தேர்தல் வரட்டும், பேசுவோம். எல்லோரும் அப்போதுதான் பேசுகிறார்கள்.

இரண்டு படகு விஷயம். 1952-ல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக் கிடந்தது, ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. கொழும்பில் ஆட்சி டட்லி சேனநாயக்கவுடையது. கம்யூனிஸ்ட் என்றாலே முகம் சுளிக்கும் கட்சி அது. சீனாவோடு தூதரகம்கூட இல்லை. சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்று அமெரிக்கா கண்டிப்பாக இருந்தது. அந்த டிசம்பரில்தான் கையெழுத்தானது: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் போகும், 2,70,000 டன் அரிசி வரும், ஐந்து வருடத்துக்கு. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. நிறுத்திக்கொள் என்று விட்டுவிட்டார்கள். ஊரில் சோறில்லாதபோது கொள்கை பேசிக்கொண்டிருக்க அவர்கள் ஒன்றும் உங்கள் அலுவலக நண்பர்கள் இல்லையே.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி ஆயுதக் கிளர்ச்சி செய்தபோது சிறிமாவோ உலகம் முழுக்க உதவி கேட்டார். இந்தியாவும் ஹெலிகாப்டர் அனுப்பியது, பாகிஸ்தானும் அனுப்பியது. அந்த வருடக் கடைசியில் ஒன்றோடொன்று போருக்குப் போகவிருந்த இரண்டு நாடும் ஏப்ரலில் ஒரே அரசாங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. சோவியத் விமானம் கொடுத்தது, பிரிட்டன் ஆயுதம் கொடுத்தது, சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இரண்டு படகு என்ன, கிடைத்த படகிலெல்லாம் கால் வைத்தார் அந்த அம்மா. ஏழை நாட்டுக்கு வெளியுறவு என்பது பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். டெல்லிக்குப் போய்விட்டு பெய்ஜிங்கும் போனதற்காக அநுரவை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய கட்சியும் அதே ஜே.வி.பி.தான். அது அன்று தன் ஆட்களுக்கு எடுத்த ஐந்து வகுப்பில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். மலையகத் தோட்டத்து ஜனங்களை இந்தியாவின் கையாளாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த வகுப்பு. அந்தக் கட்சியின் தலைவர் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லிக்கு வந்திறங்கினார் என்றால், அதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். சந்தோஷமும் படலாம்.

இனி உங்கள் கடைசி வரி. க., அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் நீங்கள் இந்தப் பக்கமே வரமாட்டீர்கள். பெருந்தன்மையா? யாருடைய சொத்தை யார் கொடுத்தார்கள்?

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 9,75,000 பேர். தலைமுறை தலைமுறையாக மலையில் தேயிலை பறித்தவர்கள். இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் அன்று பாதிக்கு மேல் தேயிலை. 1947 தேர்தலில் அந்த ஜனங்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறேழு இடம் ஜெயித்தது. அடுத்த வருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது, அதற்கடுத்த வருடம் ஓட்டும் போயிற்று. நேரு உயிரோடு இருந்தவரை, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த நாட்டுக்காரர்கள் என்ற பேச்சை இந்தியா விடவில்லை. 1964 மே மாதம் நேரு போனார். அக்டோபரில் சிறிமாவோ டெல்லிக்கு வந்தார். ஒரு வாரம் பேசினார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்றரை லட்சம் பேர்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து, 1974 ஜனவரியில், இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களையும் பார்த்துக்கொண்டார்கள்: உனக்கு 75,000, எனக்கு 75,000. சந்தையில் மிஞ்சிய கத்தரிக்காயைக்கூட இவ்வளவு சரிபாதியாக யாரும் கூறு போடமாட்டார்கள்.

பேசிய மேசையில் தோட்டத்து ஆள் ஒருவர் இல்லை. அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானைக்கூடக் கலந்துகொள்ளவில்லை. 5,25,000-க்கு 3,00,000 என்றால் ஏழுக்கு நாலு. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தியபோது இந்த விகிதத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டார்கள். ஏழு பேர் அந்தப் பக்கம் போனால் நாலு பேருக்கு இந்தப் பக்கம் குடியுரிமை. அதாவது ஒரு குடும்பம் தன் நாட்டில் குடிமகனாக இருக்க வேண்டுமென்றால் பக்கத்துக் குடும்பம் கப்பலேற வேண்டும். இதில் இன்னொரு கூத்து உண்டு. மனுப்போடச் சொன்னபோது இந்தியாவுக்கு வருகிறோம் என்றவர்கள் ஐந்தேகால் லட்சத்தை எட்டவில்லை. இலங்கையிலேயே இருக்கிறோம் என்று மனுப்போட்டவர்கள், ஒதுக்கிய மூன்று லட்சத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜனங்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள்.

நான் படித்தது கோத்தகிரியில். எழுபதுகளின் கடைசி. வகுப்பில் பாதிப் பேர் சிலோன்காரர்கள். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவனின் அப்பாயியை எனக்கு நன்றாகத் தெரியும், மத்தியானச் சாப்பாடு பல நாள் அவர்கள் வீட்டில்தான். அந்த அம்மாவின் முன்னந்தலையில், நெற்றி முடிந்து மயிர் தொடங்கும் இடத்தில், குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு முடியே கிடையாது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்தி அழுந்தி வழித்துவிட்ட தடம். பத்து வயதில் கூடை தூக்கியது, பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில்.

ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார் ஒருநாள். கண்டியில் இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை. போட்டோவில் நாலு பேர் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், தாத்தா கையில் பல்பத்தால் எண் எழுதிய சிலேட்டு. என் நண்பன் அதில் அரைக்கால் சட்டை போட்ட பையன்.

“இதுல பெரியவன் இல்ல தம்பி” என்றார் அப்பாயி. “அவன் பொஞ்சாதி வீட்டோட சேந்து சிலோனுக்கு எழுதிக் குடுத்துட்டான்.”

“நீங்க ஏன் இங்க வர எழுதிக் குடுத்தீங்க?”

“பஞ்சத்துல போட்ட கையெழுத்து அது. ரொட்டிக்கு மாவு கெடைக்கல. தோட்டத்துல வேலையும் இல்ல. அங்கிட்டுப் போனா சோறாவது கெடைக்கும்னாங்க.”

1973, 74-ல் மலையகத் தோட்டங்களில் நிஜமாகவே பட்டினிச் சாவு. நீங்கள் சொல்கிற ‘இரண்டு நாட்டுக்கும் லாபம்’ என்பதன் ஐந்தொகையில் இந்தக் கையெழுத்தும் ஒரு வரவு.

தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் சில நாள், பிறகு எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊர். இதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன்னே புயலடித்துத் தனுஷ்கோடியே இல்லாமல் போயிருந்தது, அதனால்தான் ராமேஸ்வரம். பெரியவனுக்குக் கடிதம் போடுவார்கள், பதில் வரும். 80களில் கப்பலும் நின்றுபோயிற்று. அவர் பெரிய மகனை மறுபடி பார்க்கவில்லை. இதை அந்த அம்மா ஒரு தடவைகூட அழுது சொன்னதில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை போடவில்லை என்கிற குரலில் சொல்வார்.

சரி, இந்தியாவுக்கு என்ன கிடைத்தது? 1962-ல் சீனாவிடம் அடி வாங்கிய பிறகு டெல்லிக்கு அக்கம்பக்கத்தில் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். கொழும்பு சீனப் பக்கம் போய்விடக் கூடாது என்று பார்த்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள். அந்தப் பிள்ளையார் என்ன வரம் கொடுத்தார்? ஏழே வருடத்தில், 1971-ல், இந்தியா தன் வான்வழியை மூடியதும் பாகிஸ்தான் விமானங்கள் கிழக்கு வங்காளத்துக்குப் போகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டன. அனுமதித்தது அதே சிறிமாவோ அரசாங்கம். நான் சிறிமாவோவைக் குறை சொல்லவில்லை, அவர் தன் நாட்டுக்கு வேண்டியதைச் செய்தார். இந்த லட்சணத்தில் கிடைத்த நல்லுறவுக்கா ஐந்தேகால் லட்சம் பேர் என்று கேட்கிறேன்.

இலங்கையில் விடுபட்டுப்போனவர்களுக்கு நாடு என்று ஒன்று முழுதாகக் கிடைக்க 1988-லும் 2003-லும் தனித்தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் முடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சுதந்திரம் வந்து 55 வருடம் கழித்தும் முடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைக்கும் டெல்லியும் கொழும்பும் வெளியிடுகிற கூட்டறிக்கையில் மீனவர் பற்றி ஒரு பத்தி இருக்கும், மனிதாபிமானத்தோடு அணுகுவோம் என்று இருக்கும். ராமேஸ்வரத்தில் சிறைப்பட்டவனின் வீட்டுக்கு நம் கேமராக்கள் போகும், போகத்தான் வேண்டும். போரில் எல்லாம் இழந்து மறுபடி வலை வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரனின் வலையை நம் இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போவதைப் பற்றி இங்கே யார் பேசுகிறார்கள்? இழுவை மடிக்கு 2017-ல் இலங்கை தடை போட்டது சிங்கள அரசின் சதி என்றுதான் எனக்கும் கடிதம் வருகிறது. கேட்டது வடக்கின் தமிழ் மீனவர்கள். அவர்களும் பேசுகிற இடத்தில் இருக்கட்டும், நாகப்பட்டினத்துக்காரர்களும் இருக்கட்டும். அதிகாரிகள் காபி குடித்துவிட்டு எழுதுகிற பத்தியில் எனக்கு நம்பிக்கை போய் வெகுநாளாயிற்று.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஏன் தெரியுமா? இதைச் சென்னையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதுகிறார் என்று விட்டிருப்பேன். நீங்கள் கூடலூரில் இருக்கிறீர்கள். நல்ல மனிதர், படிக்கிறீர்கள், யோசிக்கிறீர்கள், அது உங்கள் எழுத்தில் தெரிகிறது. உங்கள் ஊரைச் சுற்றி, பந்தலூர், சேரம்பாடி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். 1968-ல் அதைத் தொடங்கியதே கப்பலில் வந்தவர்களைக் குடியமர்த்தத்தான். தேயிலைக்காகக் கொண்டுபோய், தேயிலையிலிருந்து பிடுங்கி, மறுபடி தேயிலையிலேயே நட்டார்கள். 2022-ல் அந்தத் தோட்டங்களில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று தெருவுக்கு வந்தார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து பார்த்தாலே அந்த மலை தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். சேரம்பாடி பஸ் ஏறுங்கள். எழுபது வயதுக்கு மேல் யாராவது வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். சாஸ்திரி, சிறிமாவோ என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள், சீனாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.