தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கும் பையன்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பத்தாவதோடு நின்று, கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். போன மாதம் திருட்டு பைக்கோடு பிடிபட்டான். கூட இருந்த பெரிய பையன்கள் ஓடிவிட்டார்கள். சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் ஜாமீனில் விட்டது. அதிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. ராத்திரி மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறான். அவன் அப்பா தினமும் அடிக்கிறார். எப்படித் திருத்துவது? ஏற்காடு நாகலூரில் என் அம்மா இருக்கிறார், அங்கே அனுப்பலாமா?
- ஒரு தாய், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: தங்கச்சி, பைக்கை விடுங்கள். அந்தத் தாழ்ப்பாள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் யாருக்குப் பயப்படுகிறான்?

வழக்கில் மாட்டிய பையன்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலராக நான் இருந்தபோது ஒரு பையன் வருவான். நாற்காலியை எப்போதும் சன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்வான். திமிர் என்று நினைத்து இரண்டு மாதம் புத்திமதி சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அவனிடம் கஞ்சா பொட்டலம் கொடுத்தனுப்பிய ஆள் எதிர் டீக்கடையிலேயே நின்றிருக்கிறான். இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

முதலில் அவன் அப்பா கை ஓங்குவதை நிறுத்தட்டும். வீட்டிலும் அடி என்றால், பரோட்டா வாங்கித் தந்து தப்பு வேலைக்கு இழுக்கும் 'அண்ணன்'தான் அவனுக்கு மிச்சம். சோறு போடும்போது, முகத்தைப் பார்க்காமல், "வெளியே போனா யாரு நிப்பாங்கன்னு பயமா இருக்கு கண்ணு?" என்று கேளுங்கள். பேர் சொல்லாவிட்டால் போகட்டும். எந்தத் தெரு, எந்த நேரம் என்பதே போதும்.

அதை நன்னடத்தை அலுவலரிடம் சொல்லுங்கள். சிறுவர்களைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 83-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. சொன்னால், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் வைத்துவிடுவார்களோ என்று தாய்மார்கள் மறைப்பார்கள். வெளியே பையனுக்கு ஆபத்து என்று குழுமம் கருதினால் ஜாமீனை மறுக்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஆபத்தைச் சொல்லும்போதே நாகலூர்ப் பாட்டி வீட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழுமத்தைக் கேட்காமல் மட்டும் மலையேற்றிவிடாதீர்கள். வாய்தாவுக்கு வராமல் போனால் வேறு வம்பு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். யாராவது வாசலுக்கு வந்து மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.

பட்டறை வேலை இப்போது வேண்டாம்.

இன்று ராத்திரி அவன் எழுந்தால் நீங்களும் எழுந்திருங்கள். அவனோடு போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா பாத்துட்டேன், நீ தூங்கு" என்று சொல்லுங்கள்.