ஸ்கோபஸ் உத்தரவாதம் தரும் ஏஜெண்டை நம்பலாமா?

கேள்வி: ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் வட்டாரக் கணித ஆய்வு மாநாட்டை அடுத்த முறை எங்கள் துறை பினாங்கில் நடத்துகிறது. மண்டபம், இணையத்தளம், பதிவு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டு, கட்டுரைகளையும் ‘உத்தரவாதமாக’ ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஏற்றித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? – விரிவுரையாளர், பினாங்கு

பதில்: மண்டபத்தையும் சாப்பாட்டையும் கொடுங்கள். கட்டுரைகளைக் கொடுக்காதீர்கள்.

ஸ்கோபஸில் எந்த இதழ் இருக்கலாம் என்பதை அதை நடத்தும் எல்செவியர் நிறுவனம் அமைத்த தேர்வுக் குழுதான் முடிவு செய்கிறது. எந்த ஏஜெண்டுக்கும் அதில் கை கிடையாது. அவர் காட்டும் இதழின் ஐஎஸ்எஸ்என் என்ற அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, ஸ்கோபஸின் ‘சோர்சஸ்’ பக்கத்தில் தேடுங்கள், காசு கேட்காது. அங்கே காட்டும் ஆண்டு விவரம் நடப்பு ஆண்டு வரை வராமல் முன்பே நின்றிருந்தால் அந்த இதழை நீக்கியிருக்கலாம். எண் சரியாக இருந்தாலும் விடாதீர்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துகிறார்கள். பதிப்பாளர் பெயரும் தள முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

பணம் போனால் போகட்டும். அப்படிப்பட்ட இதழில் அச்சான தேற்றத்தை மறுபடி ஒரு நல்ல இதழுக்கு அனுப்ப முடியாதே! முனைவர் பட்ட மாணவரின் முக்கிய முடிவு அதில் மாட்டினால் மீட்பது கடினம்.

ஏஐபி கான்ஃபரன்ஸ் புரொசீடிங்ஸ் என்ற மாநாட்டுக் கட்டுரைத் தொடருக்கோ, ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பாளருக்கோ மாநாட்டுக் குழுவே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பத்து மாதம் முன்பே அனுப்புங்கள். கட்டுரைக்கு இரண்டு நடுவர் போட்டு, அவர்கள் எழுதியதைப் பத்திரப்படுத்துங்கள். நிரூபணத்தை வரிவரியாகப் படிக்க இரண்டு மாதமாவது வேண்டும்; ‘ஒரே வாரத்தில் ஏற்பு’ என்றால் யாரும் படிக்கவில்லை. உண்மையில், சுருக்கவுரை ஏடு மட்டும் போட்டாலே கணிதர்களுக்குப் போதும். கேபிஐ என்ற பணித்திறன் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பத்தானே இத்தனை கூத்தும்!

இணையத்தளத்தையும் வெளியாரிடம் கொடுக்கலாம். ஆனால் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் துறையின் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ பதிவாக வேண்டும். புதுப்பிப்பு நினைவூட்டல் துறையின் பொது மின்னஞ்சலுக்கு வரட்டும். மாறிப்போகும் ஒருவரின் மின்னஞ்சலுக்கு வேண்டாம். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். மாநாட்டுப் பதிவுக் கட்டணம் பல்கலைக்கழகக் கணக்கில்தான் விழ வேண்டும். டொமைன் அந்த நிறுவனத்தின் பெயரில் போனால், ஈராண்டு கழித்து உங்கள் மாநாட்டின் பெயரிலேயே அவர்கள் கட்டுரை கேட்பார்கள். அடுத்து நடத்தப்போகும் பல்கலைக்கழகம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

‘ஆயிரக்கணக்கானோருக்கு மின்னஞ்சல்’ என்ற சேவையும் வேண்டாம். அந்தப் பட்டியலில் உயிரியலாளரும் இருப்பார், பல் மருத்துவரும் இருப்பார். 1972இல் தொடங்கிய தென்கிழக்கு ஆசியக் கணிதச் சங்கத்துக்கும் நம் மலேசியக் கணித அறிவியல் சங்கமான பெர்சாமாவுக்கும் அறிவிப்பை அனுப்பினால் சேர வேண்டியவர்களுக்குச் சேரும்.

மண்டப ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வெள்ளிக்கிழமை அட்டவணையைப் பாருங்கள். 12.15 முதல் 2.45 வரை தொழுகைக்கு விட வேண்டும். அந்த நேரத்தில் அமர்வு போட்டிருந்தால் அடித்துவிட்டுப் புதுத் தாள் கேளுங்கள்.