கொழும்பில் வர்த்தக மேன்முறையீட்டுச் சட்டத்தரணியாக இருப்பது எப்படி?

கேள்வி: "சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். கொழும்பில் கம்பனிகளுக்காக மேன்முறையீடு பேசும் சட்டத்தரணியாக வர விருப்பம். வேலை எப்படி இருக்கும்? காசுள்ளவர் பக்கமே நிற்பது மனதை உறுத்தாதா?"

தங்கச்சி, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஒரு வருடத்தில் நான் எழுந்து நின்று பேசும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில நாள்தான் தேறும். மிச்சமெல்லாம் வாசிப்பு.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம். மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே. வர்த்தக மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து, 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி, நேரே உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். வரி வழக்கு வேறு வழி: வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவைத் தாண்டி, சட்டப் பிரச்சினையோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும்.

சரி, வாசிப்பு என்று ஏன் சொன்னேன்? சில வருடங்களுக்கு முன் நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி வந்தார். அவருடைய களஞ்சியம் எரிந்துபோயிருந்தது. காப்புறுதிக் கம்பனி பணம் தர மறுத்தது, வழக்குப் போட்டு அதிலும் தோற்றிருந்தார். இழப்பு மதிப்பீட்டு அறிக்கை நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அதை எழுதியவர் வெளிநாடு போய்விட்டதால் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. "சேர், எரிஞ்சது என்ட ஸ்டோர். ஊரே பாத்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வழக்கேடு ஆயிரத்து இருநூறு பக்கம். மூன்றாம் இரவு, வழக்காளி தரப்பு முடிந்த நாளின் குறிப்புக்கு வந்தேன். பி 1 முதல் பி 22 வரையான ஆவணங்களை வாசித்து வழக்கை முடிப்பதாக ஒரு வரி. அந்த மதிப்பீட்டு அறிக்கையும் அவற்றில் ஒன்று. அதற்குக் கீழே அடுத்த தவணைத் திகதி. எதிர்த்தரப்பு ஆட்சேபித்ததாக ஒரு சொல் இல்லை. பென்சிலால் சுற்றிவிட்டு அடுத்த நாலைந்து பக்கங்களையும் புரட்டினேன். அங்கேயும் இல்லை.

நிரூபணத்துக்கு உட்பட்டு (அதாவது, பிறகு நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு) அடையாளமிட்ட ஆவணத்தை, வழக்கை முடிக்கும்போது வாசிக்கையில் மறுதரப்பு ஆட்சேபிக்காவிட்டால், அது எல்லாத் தேவைக்கும் சான்றாகிவிடும். 1981 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் (தீர்ப்புகளின் தொகுப்பு) உள்ள, துறைமுக அதிகார சபை சம்பந்தப்பட்ட யூகோலினியா வழக்கு அதைச் சொல்கிறது. (குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆவணங்களை நிரூபிக்கும் முறையை மாற்றியிருக்கிறது, இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.) அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் பேசினோம். முதலாளி வென்றார். அவரிடம் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். தீர்ப்பு வந்த அன்று அதில் பாதிப் பேர் நீதிமன்ற வளாகத்துக்கே வந்துவிட்டார்கள்.

அடுத்தது நாள் கணக்கு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு என்றால் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மனு. 14 நாளில் ஞாயிறும் போயா (பௌர்ணமி) உட்பட அரச விடுமுறைகளும் சேராது. 60 நாளில் அந்தச் சலுகை இல்லை. அறிவித்தலில் பதிவிலுள்ள சட்டத்தரணியே கையொப்பமிட வேண்டும். நீதிமன்றத்தில் வாதிடும் அட்வகேட், வழக்குப் பத்திரங்களைப் பார்க்கும் புரொக்டர் என்ற பிரிவு 1974 இல் போய்விட்டது, ஆனாலும் பத்திரங்களைத் தயாரித்து எங்களிடம் வழக்கை ஒப்படைக்கும் அறிவுறுத்தும் சட்டத்தரணி இல்லாமல் நாங்கள் ஓர் அடி நகர முடியாது. நல்ல மேன்முறையீடு ஒன்று, கம்பனியின் பணிப்பாளர் சபை கூடி முடிவெடுக்கப் பிந்தியதால், என் மேசைக்கு வரும்போதே செத்திருந்தது. இன்றைக்கும் அந்தக் கோப்பு ஞாபகம் வரும்.

மனம் உறுத்துமா என்று கேட்டீர்கள். நான் காப்புறுதிக் கம்பனிகளுக்காகவும் பேசியிருக்கிறேன். பொய்க் கோரிக்கைக்குப் போகும் பணம் கட்டுப்பணம் கட்டிய மற்றவர்களுடையது என்பதால் அது உறுத்தியதே இல்லை. உறுத்தியது வேறு. பெரிய கம்பனி ஒன்று, சின்ன விநியோகஸ்தர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை இழுத்தடிக்க மட்டும் மேன்முறையீடு போடச் சொன்னது. நியாயம் ஒன்றும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தேன். கோப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து வேலை வரவில்லை. அந்த மாதம் வீட்டில் கஷ்டம்தான். ஆனால் நீதியரசர்கள் முன் நான் "இதில் விஷயம் இருக்கிறது" என்று சொல்லும்போது அவர்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் எந்தக் கம்பனிக்காகவும் என்னால் பேச முடியாது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் பேசுவது ஆங்கிலத்தில். கொழும்பு மாவட்ட நீதிமன்ற வழக்கேடு பெரும்பாலும் சிங்களம், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தால் தமிழ். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் மூலத்தை வாசிக்கப் பழகுங்கள். எங்கள் பிள்ளைகள் பலர் சிங்களம் பேசுகிறார்கள், வாசிப்பதில்தான் தடக்குகிறார்கள்.

ஆரம்ப வருமானம் மிகக் குறைவு. முதல் மூன்று நான்கு வருடத்துக்கு வீட்டில் சொல்லிவைத்துவிட்டு இறங்குங்கள். சீனியரைத் தேடும்போது பெயரைப் பார்க்காதீர்கள். அவர் தன் கோப்பைத் தானே வாசிக்கிறாரா என்று மற்ற ஜூனியர்களிடம் விசாரியுங்கள். அதற்கு முன், வாதம் நடக்கும் ஒரு நாள் உயர் நீதிமன்றத்தில் பின்வரிசையில் வந்து உட்காருங்கள். நீதியரசர் "எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போது யார் உடனே இலக்கம் சொல்கிறார், யார் தாள் தேடுகிறார் என்று பாருங்கள்.