கணவன், மனைவி இருவருக்கும் கிமோனோவை வீட்டிலேயே தைக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் பட்டில் தொடங்காதீர்கள், யுகாதாவில் தொடங்குங்கள். உள்துணி வைக்காத பருத்திக் கிமோனோ அது. ஜப்பானில் கோடைத் திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் ஜோடியாக உடுத்திப் போவது பெரும்பாலும் அதைத்தான். எங்கள் இருவருக்கும் நான் தைத்ததும் அதுவே.

கிமோனோத் துணி 'தான்மோனோ' என்ற சுருளாக வரும். சுமார் 37 செ.மீ. அகலம், 12 மீட்டர் நீளம். ஒருவருக்கு ஒரு சுருள். டோக்கியோவின் நிப்போரி துணிக்கடைத் தெருவில் 110 செ.மீ. அகலப் பருத்தியும் கிடைக்கும், நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் ஏறக்குறைய அதே கணக்குதான். வெட்டும் முன் நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

வெட்டு எல்லாம் நேர்கோடு. மிஞ்சும் துணியை நறுக்காமல் உள்ளேயே மடித்துத் தைப்பார்கள். அந்தக் காலத்தில் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளத் துணியாக இணைத்துத் துவைத்து, விறைப்பாகக் காயவைத்து, திரும்பத் தைப்பார்கள். துணிமேல் இவ்வளவு மரியாதை வைத்த தையல் முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் கையால் ஓட்டுத் தையல் போடச் சொல்கிறேன். மெஷின் தையலைப் பிரிப்பதற்குள் துணி நைந்துவிடும்.

சரி, ஜோடிக்கு வருவோம். ஆண்களுடையது சுலபம் என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணுக்கு அவள் உயரத்துக்கே துணி விட்டு, அதிகமானதை இடுப்பில் 'ஒஹஷோரி' என்று மடித்துக் கட்டுவார்கள். நான்கைந்து செ.மீ. பிசகினாலும் மடிப்பு விழுங்கிவிடும். ஆணுக்கு அந்த மடிப்பே கிடையாது, தைத்த நீளம் அப்படியே கணுக்காலில் தெரியும். ஆகவே மனைவியுடையதை முதலில் தையுங்கள்.

கிமோனோவின் கைப்பகுதியும் வேறுபடும். பெண்ணுக்கு அக்குளுக்குக் கீழே கைப்பகுதியை உடல்பகுதியோடு சேர்க்காமல் திறந்து விட வேண்டும். அதன் வழியே கையை விட்டுத்தான் ஒஹஷோரியைச் சீராக்க முடியும். ஆணுக்கு அந்த இடம் மூடியிருக்கும். பெண்ணுக்குப் பின்கழுத்தை இரண்டு மூன்று செ.மீ. பின்தள்ளி வெட்டுவதும் உண்டு, ஆணுக்கு அது இல்லை.

கணவர் நெடுநெடுவென்று இருந்தால் பிடரி எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை முதலில் அளந்து பாருங்கள். அந்த நீளத்தை இரண்டு துணி அகலம்தான் எட்ட வேண்டும். 70 செ.மீ.க்கு மேல் போனால் ஆண்களுக்கென்று வரும் அகலச் சுருளே வாங்குங்கள்.

கிமோனோவின் மேல் இடுப்பில் கட்டும் பட்டையான ஓபியை மெஷினிலேயே அடிக்கலாம்: அவருக்கு 10 செ.மீ. அகலம், உங்களுக்கு 15 முதல் 17.