மூப்பனாரின் 1999 – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பாபநாசம் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூப்பனாரை ‘ஐயா’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கை மாநிலங்களவையில்தான் கழிந்திருக்கிறது. மக்களிடம் நேராக ஓட்டுக் கேட்காமல் டெல்லி செல்வாக்கில் மேலே வந்தவரை எப்படி மக்கள் தலைவர் என்பது? 1996 வெற்றியும் திமுக கூட்டணியாலும் ரஜினியாலும் வந்ததுதானே?

ரா.

அன்புள்ள ரா.,

1996 பற்றி நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. அதிமுகவோடுதான் கூட்டணி என்று காங்கிரஸ் தலைவர் நரசிம்ம ராவ் முடிவெடுத்ததும் இங்கே கட்சி கொதித்துப்போனது. தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மூப்பனார் தலைமையில் தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) பிறந்தது. எங்கள் கடைத்தெருவில் கை சின்னத்தின் மேல் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்து சைக்கிள் வரைந்தார்கள். ஒரே பூச்சு என்பதால் சக்கரத்துக்குள் விரல்கள் தெரிந்தன. 20 மக்களவைத் தொகுதிகள், 39 சட்டமன்றத் தொகுதிகள் கிடைத்தன. அலை அப்படி. அதை வைத்து அவரை எடைபோட நானும் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் ஓட்டே கேட்காதவர் என்பது தவறு. 1989 சட்டமன்றத் தேர்தலில், 1967-க்குப் பிறகு பெரும்பாலும் கூட்டணியிலேயே காலம் தள்ளிய காங்கிரசை அவர் தலைமையில் தனியாக நிறுத்தினார்கள். ராஜீவ் காந்தி திரும்பத் திரும்ப வந்து பிரச்சாரம் செய்தார். கிடைத்தது 26 இடங்கள், ஏறக்குறைய 20 சதவீத வாக்குகள். உங்கள் பாபநாசத்தில் நின்று ஜெயித்தவர் மூப்பனார்தான். பெரிய பேச்சாளர் இல்லை அவர். அகில இந்தியப் பொதுச் செயலாளராக மற்ற மாநிலங்களின் உள்கட்சிச் சண்டைகளைத் தீர்க்கப் போய்வந்தவர். மாநிலங்களவைப் பதவி அதற்கு இடம் கொடுத்தது. சொந்தத் தொகுதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது 1999-ஐ. திமுக பாஜகவோடு போனது, அதிமுக காங்கிரசோடு. மூப்பனார் இரண்டு பக்கமும் போகவில்லை. கிருஷ்ணசாமியின் புதிய தமிழகத்தையும், அதுவரை தேர்தலையே புறக்கணித்துவந்த விடுதலைச் சிறுத்தைகளையும் சேர்த்துக்கொண்டு தனி அணி கண்டார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரம் தொகுதியில் திருமாவளவன் நின்றது சைக்கிள் சின்னத்தில்தான். சேரிகளில் வீடுகள் தாக்கப்பட்ட தேர்தல் அது. இருந்தும் 2 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார்.

இது எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்றால், மூப்பனார் கபிஸ்தலம் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணைக்கும் சேரிக்கும் நடுவே என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு எத்தனை அடிதடி! 1968-ல் கீழவெண்மணியில் கூலி கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. அந்த மண்ணின் பெரிய மிராசுக் குடும்பத்துக்காரர் தன் சின்னத்தைக் கொடுத்து ஒரு தலித் இயக்கத்தை முதல் முறையாகத் தேர்தல் களத்துக்கு அழைத்துவந்தார். கூட்டணிக் கணக்கும் அதில் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு கணக்கைப் போட வேறெந்தப் பெரிய கட்சிக்கும் அன்று மனசு வரவில்லையே.

தமாகாவுக்கு அந்தத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1997-ல் தேவகவுடா விலகியபோது பிரதமர் பதவிக்கே பெயர் அடிபட்டவர் அவர். இரண்டே வருஷத்தில் இந்த நிலை. கட்சிக்காரர்கள் சோர்ந்துபோனார்கள். ஊராட்சி, ஒன்றியம் என்று அடிமட்டத்தில் நின்றவர்களுக்கு அடுத்த தேர்தலும் இப்படியே போனால் கட்சியே மிஞ்சாது என்ற பயம் வந்துவிட்டது.

அப்புறம் 2001. எந்தக் கூட்டணியை எதிர்த்துக் கட்சி தொடங்கினாரோ அதே அதிமுகவோடு சேர்ந்தார். 23 சட்டமன்ற இடங்கள் கிடைத்தன. அந்த முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 1999-ல் தோற்றவரோடுதான் நான் நிற்கிறேன். அந்தக் கூட்டணியை விளக்கிச் சொல்லவும் அவருக்குக் காலம் இருக்கவில்லை. ஆகஸ்ட் 30 அன்று காலமானார். மறு வருஷமே கட்சி காங்கிரசில் கரைந்தது.