டீச்சரிடம் கேளுங்கள்: தொழில் ஆசை எங்கே பிறக்கிறது?

(உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் கற்பித்து, அங்கேயே தொழில்முனைவோர் மையத்தையும் கவனித்து ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

டீச்சர், நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. எங்களுக்குத் தொழில்முனைவு என்று ஒரு பாடமே இருக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் தொழில் செய்ய வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. போன மாதம் எங்கள் கல்லூரிக்கு ஒருவர் வந்து, சின்ன ஊரிலிருந்து கம்பெனி ஆரம்பித்த கதையைச் சொன்னார். அன்று இரவு தூக்கமே வரவில்லை. சிறுதானிய முறுக்கு செய்து விற்கலாம் என்று முடிவே எடுத்துவிட்டேன். இப்போது அந்த வேகம் குறைந்துகொண்டே வருகிறது. இது உண்மையான ஆசையா, வெறும் பேச்சு மயக்கமா?
— மாணவி, பொள்ளாச்சி

உண்மையான ஆசைதான் கண்ணு. சந்தேகமே வேண்டாம். ஒரு வருடம் படித்த பாடம் செய்யாததை ஒரு மணி நேரப் பேச்சு செய்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம். எல்லா ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது.

2007-இல் வாஞ்செலிஸ் சூட்டாரிஸ் என்ற பேராசிரியரும் அவருடன் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லண்டனிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் படித்த அறிவியல், பொறியியல் மாணவர்களில், தொழில்முனைவுப் பாடம் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பாடத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பாடம் எடுத்தவர்களுக்குத் தொழில் தொடங்கும் எண்ணம் கூடியிருந்தது. எதனால் கூடியது என்று பிரித்துப் பார்த்தால், கற்ற விஷயங்களால் இல்லை, கல்லூரி தந்த வசதிகளாலும் இல்லை. ஒரு பேச்சோ ஒரு சந்திப்போ மனதைத் திருப்பியதுதான் காரணம். உன் அனுபவமும் அதேதான். ஆனால் அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எண்ணம் கூடியதே தவிர, பாடம் முடிந்த சமயத்தில் அது தொழிலுக்கான வேலையாக மாறியிருக்கவில்லை. நீ இப்போது நிற்பதும் அந்த இடத்தில்தான்.

ஐசக் அய்சன் என்ற உளவியலாளர் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எதனால் வலுப்படுகிறது என்று விளக்கியிருக்கிறார். அதைச் செய்வது நல்லது என்று நமக்குத் தோன்ற வேண்டும். நமக்கு வேண்டியவர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்று தோன்ற வேண்டும். அப்புறம், நம்மால் முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். மேடைப் பேச்சு உனக்கு முதலாவதைக் கொடுத்திருக்கிறது. இரண்டாவது உன் வீட்டில் இருக்கிறது. மூன்றாவதை யாராலும் பேசிக் கொடுக்க முடியாது. கையால் செய்து பார்த்தால்தான் வரும். அது வராததால்தான் உன் வேகம் குறைகிறது. உன் ஆசையில் ஒரு குறையும் இல்லை.

நீ பொள்ளாச்சிக்காரி என்பதால் ஜி.டி.நாயுடுவைப் பற்றிச் சொல்கிறேன். கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அவருக்கும் உன்னைப் போலவே தூக்கம் போயிருக்கும். அடுத்து அவர் செய்ததைக் கவனி. கோவைக்குப் போய் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு சேர்த்தார். அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டார். 1920-இல் உங்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்ட ஆரம்பித்தார். பார்த்தவுடன் வந்த ஆசைக்கும் அந்த பஸ்ஸுக்கும் நடுவே ஓட்டலில் பரிமாறிய வருடங்களும் ஸ்பேனர் பிடித்த வருடங்களும் இருக்கின்றன.

உனக்கு வருடங்கள் தேவைப்படாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கம்பு மாவில் முறுக்கு சுட்டுப் பார். எண்ணெய் எவ்வளவு குடித்தது, எத்தனை உடைந்தது, அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தது என்று எழுதி வை. பாக்கெட் போட்டு, உன்னைத் தெரியாத பத்துப் பேருக்குக் காசுக்கு விற்றுப் பார். தெரிந்தவர்களுக்கு விற்காதே. அவர்கள் முறுக்குக்காக வாங்க மாட்டார்கள், உனக்காக வாங்குவார்கள்.

எங்கள் கல்லூரியில் வருடா வருடம் மாணவர் கடைகள் போடுவோம். ஒரு மாணவி மசாலா பொரிக் கடை போட்டாள். கப் 20 ரூபாய். பொரி, வெங்காயம், தக்காளி, கார மிக்சர் எல்லாம் சேர்த்து 9 ரூபாய், மீதி 11 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காகிதக் கப், சாமான் கொண்டுவந்த ஆட்டோ, நாள் முழுக்க நறுக்கிக் கொடுத்த தோழிக்குக் கூலி, மீந்து நமத்துப்போன பொரி என்று ஒவ்வொன்றாகக் கழித்தோம். கப்புக்கு 4 ரூபாய் நின்றது. அடக்கவிலை அத்தியாயத்தை வகுப்பில் படித்துப் பரீட்சை எழுதியவள்தான் அவள். அன்றைக்குத்தான் அது அவளுக்குள் இறங்கியது. அடுத்த வருடம் அவளே முதலில் வந்து கடை கேட்டாள். பொரியை ஒரேயடியாக வாங்காமல் இரண்டு தவணையாக வாங்கினாள். படிப்பு வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆசை வந்த பிறகு, கையில் சாமானோடு படிக்கும்போது அந்தப் பாடம் வேறு மாதிரி புரிகிறது. உன் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடு. அடக்கவிலை அத்தியாயத்தை முறுக்கு மாவோடு வைத்துப் படி.

என் மகன் பொறியியல் முடித்துவிட்டு வியாபாரம் செய்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சரி என்று ஒரு தொழில்முனைவோர் பயிற்சிக்கு அனுப்பினேன். பயிற்சி முடித்து வந்தவன், இப்போதைக்கு வேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஆசையைக் கெடுக்கத்தான் பயிற்சியா?
— ஒரு தந்தை, தாராபுரம்

ஐயா, நீங்கள் பணத்தை வீணாக்கவில்லை. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து சின்ன கம்பெனி தொடங்கி, பங்கு விற்று, பொருள் செய்து, வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும் ஒரு பாடத் திட்டம் இருந்தது. அதைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வில், பாடம் முடித்த மாணவர்களுக்குத் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்துபோயிருந்தது. தொழில் என்றால் என்ன என்று நிஜமாகப் பார்த்துவிட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம். ஹார்வர்டு வணிகப் பள்ளியிலும் இதை ஒட்டிய ஒரு விஷயம் தெரிய வந்தது. ஏற்கெனவே தொழில் செய்துவிட்டுப் படிக்க வந்தவர்கள் அதிகமாக இருந்த வகுப்புகளில், மற்ற மாணவர்கள் தொழில் தொடங்குவது குறைந்தது. குறைந்ததில் பெரும்பகுதி, தோற்றுப்போகக்கூடிய தொழில்கள். அனுபவப்பட்ட நண்பன் பக்கத்தில் இருந்ததால் சரிவராத யோசனைகள் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டன.

ஆனால் ஒன்று மட்டும் மகனிடம் கேளுங்கள். ஏன் வேண்டாம் என்கிறான்? கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த முதலுக்கு இது கட்டாது என்று சொல்கிறானா? அப்படியென்றால் அவனை நம்புங்கள். பயிற்சியில் யாரோ பயமுறுத்தினார்கள் என்று சொல்கிறானா? அப்படியென்றால் அந்தத் தொழிலை ஏற்கெனவே செய்யும் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். வேலைக்குப் போவதாக இருந்தால், அவன் செய்ய நினைத்த தொழிலிலேயே வேலைக்குப் போகட்டும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் திருப்பூரில் எத்தனை முதலாளிகள் கட்டிங் மேஜையிலும் தையல் மெஷினிலும் கூலிக்கு உட்கார்ந்து தொழில் கற்றவர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பிசினஸ் செய்ததில்லை. அப்பா கூலி வேலை. அம்மா பூக் கட்டி விற்கிறார். வியாபாரம் ரத்தத்திலேயே வர வேண்டும் என்று எங்கள் வகுப்பில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது இல்லையோ என்று பயமாக இருக்கிறது.
— மாணவி, சங்கரன்கோவில்

முதலில் உன் கேள்வியிலேயே ஒரு திருத்தம். உன் அம்மா செய்வது பிசினஸ். உங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் காலையில் நின்று அன்றைய விலைக்கு மல்லி எடுக்கிறார். மார்கழியில் பூ வரத்து குறைந்து விலை ஏறும்போது எவ்வளவு எடுப்பது, முகூர்த்த நாளில் எவ்வளவு எடுப்பது, மழை வருகிற மாதிரி இருந்தால் எவ்வளவு குறைப்பது என்று தினமும் முடிவெடுக்கிறார். சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் வாடிப்போகும் சரக்கு அது. யாருக்கு முழம் கடன் கொடுக்கலாம், யாரிடம் கை நீட்டிக் காசு வாங்கியாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சரக்கு மேலாண்மை என்று கல்லூரியில் நாங்கள் கற்பித்ததை உன் அம்மா கூடையில் வைத்து நடத்துகிறார். உன் வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி ஓர் ஆசிரியை வீட்டில் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

ரத்தம் பற்றிய கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஸ்வீடனில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. தொழில் செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் தொழிலுக்கு வருவது அதிகம், அது உண்மைதான். ஆனால் அது பெற்றவர்களிடமிருந்து வருகிறதா, வளர்த்தவர்களிடமிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்த்தார்கள். வளர்த்தவர்களின் பாதிப்பு, பெற்றவர்களின் பாதிப்பைப் போல இரண்டு மடங்கு. பார்த்து வளர்வதற்குத்தான் எடை அதிகம். பார்ப்பதற்கு உனக்கு அம்மா இருக்கிறார். ஒரு வாரம் அவரோடு மார்க்கெட்டுக்குப் போ. வாங்கிய விலை, விற்ற விலை, மீந்த பூ மூன்றையும் ஒரு நோட்டில் எழுது. உன்னால் அவருக்கு ஒரு யோசனை சொல்ல முடிந்தால் நீயும் வியாபாரத்துக்குள் வந்துவிட்டாய்.

பட்டம் முடித்தவர்கள் தொழில் தொடங்கத் தமிழக அரசில் என்ன திட்டம் இருக்கிறது?
— வாசகர், கரூர்

முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காக 2012 முதல் 'நீட்ஸ்' என்ற திட்டம் இருக்கிறது. வங்கிக் கடனோடு, திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம் கிடைக்கும். மானியத்துக்கு உச்சவரம்பு உண்டு. தொழில் பயிற்சியும் இந்தத் திட்டத்திலேயே சேர்ந்தது. வயது, கல்வித் தகுதி விதிகள் அவ்வப்போது மாறுவதால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

நான் இளம் விரிவுரையாளர். எங்கள் கல்லூரித் தொழில்முனைவோர் மையத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிரபலத்தை அழைத்து விழா நடத்தச் சொல்கிறார் முதல்வர். இருக்கும் நிதி முழுவதும் அதற்கே போய்விடும். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?
— விரிவுரையாளர், சிவகாசி

பிரபலம் வரட்டும், தவறில்லை. ஆனால் நிதி முழுவதையும் அதில் கரைக்க நான் விட மாட்டேன். உங்கள் ஊர் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர் போனது. ஐந்து வருடமாகச் சின்னதாக அச்சகம் நடத்தும் ஒருவரை வரச் சொல்லுங்கள். அவர் உங்கள் மாணவர்கள் படித்த மாதிரிப் பள்ளியிலேயே படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. நம்மைப் போன்ற ஒருவர் செய்திருக்கிறார் என்று பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருகிறது. கடையை மூடியவர் ஒருவரையும் மறக்காமல் அழையுங்கள். எந்த மாதத்தில் பணம் சுற்றாமல் நின்றது என்று அவரால்தான் சொல்ல முடியும். அவர்களிடம் உரை கேட்க வேண்டாம். பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் வளையம் எறியும் விளையாட்டு. தரையில் ஒரு குச்சி நட்டு, அடி அடியாகக் கோடு போட்டு, எங்கே வேண்டுமானாலும் நின்று வளையத்தை எறியலாம், தூரத்துக்கு ஏற்ப மதிப்பெண் என்று சொல்லுங்கள். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். சிலர் கைதட்டலுக்காகக் கடைசிக் கோட்டுக்குப் போவார்கள். சிலர் நடுவில் நின்று, விழுந்தால் ஒரு அடி பின்னால், விழாவிட்டால் ஒரு அடி முன்னால் என்று நகர்வார்கள். தான் எங்கே நின்றோம், ஏன் நின்றோம் என்று ஒவ்வொருவரையும் பேச வையுங்கள். டேவிட் மெக்லெலாண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பயன்படுத்திய விளையாட்டு இது. அவர் 1960-களில் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புதிய முயற்சிகளில் இறங்கினார்கள், முதலீட்டையும் கூட்டினார்கள். உத்வேகத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டிலிருந்து வந்தது. அங்கே 1,500 சிறு தொழில் செய்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான கணக்கு, சந்தைப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தானாக முன்வருவது, வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் விடாமல் இருப்பது பற்றிய பயிற்சி. 2017-இல் வெளியான முடிவில், இரண்டாவது பயிற்சி பெற்றவர்களின் லாபம் சராசரியாக 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியால் வந்த ஏற்றம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

மிச்சம் இருக்கும் நிதியை மாணவர்களுக்குச் சுழல்முதலாகக் கொடுங்கள். ஒரு குழுவுக்கு 2,000 ரூபாய் போதும். மூன்று வாரத்தில் அதை வைத்து உண்மையான வாடிக்கையாளருக்கு எதையாவது விற்று, முதலைத் திருப்பிக் கட்ட வேண்டும், லாபம் அவர்களுக்கே. நஷ்டப்பட்டால் அபராதம் போடாதீர்கள். கணக்கு நோட்டை மட்டும் கட்டாயமாக்குங்கள். விழாவை மூன்றாவது வாரக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரபலத்துக்கு எதிரே அந்தப் பிள்ளைகள் கையில் நோட்டோடு உட்காரட்டும். கேள்வி நேரத்துக்குப் பேச்சைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். இதை முதல்வரிடம் எழுத்தில் கொடுத்து முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். தணிக்கையில் சுழல்முதலுக்குத்தான் முதலில் கேள்வி வரும்.