ராத்திரிக்கு ரஸ்க் போதும் என்று யார் முடிவு செய்தது?

கேள்வி: கோபி பக்கத்தில் தோட்டத்து வீடு எங்களுடையது. மகன் ஈரோட்டில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறான், ஜிம்முக்குப் போகிறான். மாதம் ஒரு புரோட்டீன் பவுடர் டின் வேண்டுமாம், விலை 3,200 ரூபாய். தினமும் மூன்று முட்டையும் ஞாயிற்றுக்கிழமை கறியும் கொடுக்கிறேன். பத்தாது என்கிறான். பவுடர் சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று அவன் அப்பா பயப்படுகிறார். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் மாமியாரும்தான். மாமியாருக்கு 72 வயது, கொஞ்சம் சர்க்கரை உண்டு. கடைவாய்ப்பல் இல்லாததால் மதியம் ரசம் சாதம், ராத்திரி பாலும் ரஸ்க்கும் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். அவரால் தொந்தரவு இல்லை. இப்போது நாற்காலியை விட்டு எழவே கை ஊன்றுகிறார், வயதாகிவிட்டது. மகனுக்கு அந்த டின்னை வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகி

பதில்: வாங்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ பையனுக்கு 50 கிராம், எடை தூக்குகிறான் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. மூன்று முட்டையிலேயே 18 கிராம் வந்துவிடுகிறது. ஒரு கை நிலக்கடலை, கட்டியான பருப்பு, பால், தயிர், ஞாயிறு கறி என்று சேர்த்தால் மிச்சமும் வந்துவிடும். புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்லித்தான் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. கிட்னி நன்றாக இருக்கும் பையனுக்கு முட்டையாலும் பருப்பாலும் ஒன்றும் ஆகாது. அவன் கதை இவ்வளவுதான்.

அம்மணி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த ரஸ்க்.

மகனுக்கு எத்தனை முட்டை என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அத்தையின் தட்டை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நாற்காலியை விட்டு எழக் கை ஊன்றுகிறார் என்று எழுதிவிட்டு, காரணத்தையும் நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள், வயது என்று. சரி, அவர் ஒரு நாள் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் என்ன என்று நீங்கள் எழுதவில்லை, இரண்டு இட்லி என்று வைக்கிறேன், 4 கிராம். மதியம் ரசம் சாதமும் ஒரு கரண்டி தயிரும், 7 கிராம். ராத்திரி ஒரு டம்ளர் பால் 6, இரண்டு ரஸ்க் 3 அல்லது 4. மொத்தம் 20, 21 கிராம். அவர் 50 கிலோ இருந்தால் 42 கிராம் வேண்டும். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேலேயே கொடுக்கச் சொல்லும் மருத்துவர்கள் பலர். உங்கள் அத்தை பாதி வயிற்றுப் புரதத்தில் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டில் வராத புரதத்தை உடம்பு தன் சதையைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். வயதானால் சதை எப்படியும் குறையும், உண்மைதான். தட்டும் காலியாக இருந்தால் அது இன்னும் வேகமாகக் குறையும். எழுந்து நிற்கத் தேவையான தொடைச்சதையும் இதில் போகிறது. இன்றைக்குக் கை ஊன்றுகிறவர் நாளைக்கு ராத்திரி பாத்ரூம் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செய்வீர்கள்?

"போதும் என்று அவரே சொல்லிவிட்டார்" என்கிறீர்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? "எனக்கெதுக்குக் கண்ணு, பையனுக்குக் குடு" என்பார்கள். காலமெல்லாம் களத்திலும் தொண்டுப்பட்டியிலும் பாடுபட்டு, எல்லோரும் உண்ட பிறகு சட்டியில் இருந்ததை உண்டு பழகியவர்கள் வாய் திறந்து முட்டை கேட்க மாட்டார்கள். மெல்லப் பல் இல்லை, மெல்ல வேண்டாத பண்டத்தை யாரும் செய்து தரவும் இல்லை, அதனால் போதும் என்றார். அந்தச் சொல்லை நீங்கள் வசதியாக எடுத்துக்கொண்டீர்கள். தொந்தரவு தராதவர் என்பதற்காக ஒருவர் தட்டைப் பார்க்காமல் விடுவது தப்பு. கடுமையாகவே சொல்கிறேன்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. மகன் கிட்னிக்குக் கவலைப்படுகிற உங்கள் வீட்டுக்காரர், பெற்ற தாய் ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தாரா? மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று மகன் ஒதுங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அம்மாவுக்குச் செய்ய வேண்டியது முதலில் மகன் கடமை, அப்புறம்தான் மருமகள்.

கொள்ளு வேகவைக்கும் வீடுகளில் நடக்கிற ஒன்றையும் சொல்கிறேன். வடித்த தண்ணீரில் ரசம் வைத்துப் பல் இல்லாதவருக்கு ஊற்றுவார்கள், பருப்பு மற்றவர்களுக்குப் போகும். புரதத்தில் பெரும்பகுதி பருப்பில்தான் இருக்கிறது. உலர்ந்த கொள்ளு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். ராத்திரியே ஊறவைத்து, குக்கரில் நன்றாகக் குழையவிட்டு, மத்தால் மசியக் கடைந்து, ஒரு கரண்டி நெய்யோடு சோற்றில் பிசைந்து கொடுங்கள். அதை மெல்லவே வேண்டாம். பச்சைப்பயறும் அப்படியே கடையலாம். ராத்திரிக்கு அரிசிம்பருப்பு சாதத்தைப் பருப்பு கூடப் போட்டுக் குழைவாக வைக்கலாம். அரிசியில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைவதை அரிசி ஈடுகட்டும். காலையில் வேகவைத்த முட்டை ஒன்றை மசித்துக் கொடுங்கள். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்கா பஞ்சம்? ஒன்று 7 ரூபாய் என்றாலும் அந்த டின் காசுக்கு 450 முட்டை வரும். இத்தனையும் சேர்ந்தால் அவர் கணக்கு 40 கிராமைத் தொடும். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இருப்பதால் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் புரதத்தைக் கூட்ட வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இரண்டையும் பார்த்துவிட்டு, எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். கால் பலவீனத்தையும் அவரிடம் சொல்லுங்கள், வேறு காரணமும் இருக்கலாம். கூட்டிப் போகிற வேலை உங்கள் வீட்டுக்காரருக்கு. பல் கட்டவும் அவரே அழைத்துப் போகட்டும். ஜிம்முக்குப் போகிற பேரன், வீட்டில் இருக்கிற நாளில் ஆத்தா பக்கத்தில் நின்று, நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார காலையில் பத்துத் தடவை, சாயங்காலம் பத்துத் தடவை பழக்கிவிடட்டும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.